பாறைமேல் ஒரு பெட்டி

"பதினொண்ணே காலுக்கு உங்க வீட்டுல என்ன விழுந்துச்சு?" நிலநடுக்க ஆய்வாளர் தொலைபேசியில் அலுப்போடு கேட்டார்.

"என் மச்சினி சார். கம்பளம் தடுக்கி. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்றார் தையல்காரர்.

"கருவி வரையற கோட்டுல தெரியுது. அடி பலமா?"

"அவளுக்கா, தரைக்கா?"

தையல்காரர் வீட்டுப் பின்னறையில், பாறையில் வெட்டிய குழிக்குள் ஆய்வாளருடைய கருவிப் பெட்டி இருந்தது. உலகத்தின் மறுகோடியில் நிலம் நடுங்கினால் அந்த அலைகள் பூமிக்குள் புகுந்து இங்கே வந்துசேரும். குளிர்ந்த பாறையில் வேகமாக, சூடான பாறையில் மெதுவாக. அந்த வேகத்தைக் கணக்கிட்டால் இந்தப் பழைய கண்டத்துக்கு இருநூறு கிலோமீட்டர் அடியில் என்ன இருக்கிறது என்று படமே வரைந்துவிடலாம். மற்ற முப்பது கருவிகளும் தங்கள் பங்கை முடித்துவிட்டன. படத்தின் நட்டநடுவில், இந்த வீடு இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை. மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு சுத்தமான பதிவு கிடைக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு ஓட்டையோடுதான் அச்சேறும்.

குழியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. மூடியைத் தூக்கினால் கருவி மறுபடி அடங்கப் பத்து நாளாகும். மீதி இருந்ததோ எட்டு நாள்.

முதலில் தையல் இயந்திரத்தை முன்னறைக்கு மாற்றச் சொன்னார். அங்கே தரைக்கல் ஒன்று ஆடியது. மிதிக்க மிதிக்கக் கோடு இரட்டிப்பாகத் துள்ளியது. கம்பளம் விரிக்கச் சொன்னார். மச்சினி விழுந்தாள். எல்லோரும் நுனிக்காலில் நடங்கள், சண்டை சச்சரவு வேண்டாம் என்றார். மறுநாளிலிருந்து கதவுகள் படார் படார் என்று சாத்தப்பட்டன.

"வாய்ச்சண்டை உங்க கோட்டுல தெரியுமா சார்?" என்று தையல்காரரின் மனைவி கேட்டாள்.

"அவ்வளவா தெரியாதும்மா."

"அப்போ அதையாவது எங்களுக்கு விட்டுவெச்சிருக்கலாம்ல?"

கடைசியில் மூன்று பேரையும் இரண்டு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீட்டைப் பூட்டிச் சாவியையும் தானே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மதியம் கடலுக்கு அப்பால் பெரிய நடுக்கம். ஆய்வாளர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரைக்கு ஓடினார். கோடு எழுந்தது. எழுந்தது அடங்கவேயில்லை, ஆள் இறங்கிய பின்னும் ஆடும் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக வந்த அலை கடைசி ஒரு சாணில் கெட்டுப்போயிருந்தது.

குடும்பம் திரும்பிய அன்று சாவியைக் கொடுக்கப் போனார். வாசலில் காத்திருந்த மச்சினிதான் நொண்டிக்கொண்டு வந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். ஆய்வாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இனி எந்தக் கோட்டுக்கும் பயமில்லை.

"உங்க மேல தப்பே இல்லம்மா. காலி வீட்டுலயும் ஆடிடுச்சு. இந்தப் பாறைதான் சரியில்ல போல. பெட்டிய எடுத்துட்டுப் போயிடறேன்."

மச்சினிக்குப் பாவமாக இருந்தது.

"பாறை என்ன சார் பண்ணும், பாவம்? பெட்டி வெறுங்கல்லுல உக்காந்திருக்கேன்னு மனசு கேக்காம, நீங்க வெச்சுட்டுப் போன அன்னைக்கே மாமா அதுக்கு அடியில பஞ்சு மெத்தை தைச்சுப் போட்டுட்டாரே!"