சிறுத்தை ஆயாவும் நான் எழுதிய வாசகர் கருத்துகளும்

பட்டம் வாங்கிய முதல் வருஷம் எந்த மனுஷனும் சகிக்க முடியாத ஆளாகத்தான் இருப்பான். நான் மூன்று வருஷம் அப்படி இருந்தேன். (ஐந்து என்கிறாள் என் மனைவி. அவளுக்கு எப்போதும் கணக்கு கொஞ்சம் கூடத்தான் வரும்.)

கெம்பஸ் படிப்பு முடித்து, அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் வேலை இருக்கவில்லை. ‘குறியீடு’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. லயத்து வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் படபடத்தால் அது ஒரு குறியீடு. அம்மா ரொட்டியைத் தீய்த்துவிட்டால் அதுவும் குறியீடு.

“தீஞ்சது ரொட்டிடா. பேசாம தின்னு,” என்பார் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் செல்வராணி ஆயாம்மாவின் நாவல் வெளிவந்தது. ஆயாம்மா எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். ஆயாம்மாவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அழுகிற பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொன்ன கதைகளைப் பழைய பதிவேடுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அவரிடம் வளர்ந்து இப்போது கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்து அதைப் புத்தகமாக்கிக் கொடுத்தார்கள்.

கதை இதுதான். தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள் மிருகங்களுக்கென்று ஒரு தோட்டம் இருக்கிறது. அவை பேசும், சட்டை போடும், தேத்தண்ணி குடிக்கும், தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடும். முள்ளம்பன்றி அங்கே நர்ஸ். தன் முள்ளையே பிடுங்கி ஊசி போடுவாள். காட்டுப் பன்றி காவல்காரர். பிள்ளைக்காம்பரா ஆயா யார் தெரியுமா? ஒரு சிறுத்தை! ஆட்டுக்குட்டிகளையும் மான்குட்டிகளையும் அவள்தான் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள். ஓர் அடைமழை நாளில், இரண்டு நாள் பட்டினியோடு, ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அவள் தாலாட்டுப் பாடுகிற அத்தியாயம் ஒன்று வரும். அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கண் கலங்கியதைப் பற்றி எந்த விமர்சகனும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே தூசி என்று முடிவு செய்துகொண்டேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிமுக விழா வைப்பதாக ஏற்பாடு. ஆயாம்மா என்னைக் கூப்பிட்டார்.

“விழாவெல்லாம் எனக்குப் பெருசில்ல ராசா. வாசிச்ச நம்ம சனம் என்னா சொல்லுதுன்னு கேட்டு எழுதி, அன்னிக்கு வாசிச்சிடு. இன்னொரு கதை பாதி எழுதி வச்சிருக்கேன். இது அவங்களுக்குப் புடிக்கலன்னா அந்தத் தாளை எல்லாம் அடுப்புல வச்சிடுவேன். எனக்கும் கண்ணு தெரியல, கையும் நோவுது.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனேன். முதலில் சுப்பையா மாமா. நிஜத் தோட்டத்தின் நிஜக் காவல்காரர்.

“பன்னி பேசுது, சரி. சட்டை போடுது, அதுவும் சரி. ஆனா கடைசில மன்னிப்புக் கேக்குது பாரு மாப்ள, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். முப்பது வருசமா என் மரவள்ளியைத் தோண்டுது. ஒரு நாளாவது கேட்டிருக்குமா?”

அடுத்தது ராக்கம்மா சித்தி. அம்மாவின் தங்கை. “அந்த நர்சம்மா ஒரே முள்ளால எல்லாருக்கும் குத்துறாளா, இல்ல ஆளுக்கொரு முள்ளா? ஆயாம்மா அதை எழுதலையே. கேட்டுச் சொல்லுடா. சுத்தம் முக்கியமில்லியா?”

இப்படியே பத்துப் பன்னிரண்டு பேர். ஐயோ, எனக்குத் தலை சுற்றியது. விழாவுக்கு ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் வருகிறார். அவர் முன்னால் மரவள்ளியையும் ஊசியையும் வாசிப்பதா? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? (உண்மையில், என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் என் கவலை.)

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாருடைய கருத்தையும் நானே எழுதினேன். சுப்பையா மாமா: ‘விளிம்புநிலை மாந்தரின் ஒடுக்கப்பட்ட குரலைப் பன்றி எனும் குறியீட்டின் வாயிலாக இப்புதினம் கட்டுடைக்கிறது.’ ராக்கம்மா சித்தி: ‘முள் என்பது அதிகாரம். ஊசி என்பது அறிவு.’ எழுத எழுத இனித்தது. பட்டியல் நீளமாக இருக்கட்டும் என்று அம்மாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அவரைக் கேட்கவே இல்லை.

பட்டியலில் இருப்பவர்கள் சபையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. பெயரை வேகமாக வாசித்துக் கருத்துக்குப் போய்விட்டால் யாருக்கும் புரியப்போவதில்லை என்று நினைத்தேன். மறந்தது பெரட்டை.

தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்தத் தலைமுறைக்கு அது உடம்பிலேயே ஊறிய பழக்கம். யாராவது தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தால் போதும், கால் தானாக எழுந்துவிடும்.

“சுப்பையா!” என்று மைக்கில் வாசித்தேன்.

“இருக்கேங்க!”

மாமா எழுந்து மேடைக்கு முன்னால் வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு வழி? அவர் முகத்துக்கு நேரே அவர் கருத்தை வாசித்தேன். கட்டுடைப்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள,” என்றார். “ஆனா அது நான் இல்லியே. வேற சுப்பையாவா இருக்கும்.”

எங்கள் தோட்டத்தில் வேறு சுப்பையா கிடையாது.

“ராக்கம்மா,” என்றேன். குரல் பாதிதான் வந்தது. சித்தி முழுதாக வந்தார். முள் அதிகாரம் என்றதும் இடுப்பில் கை வைத்தார்.

“அடப்பாவி! நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? ஒரே முள்ளா, ஆளுக்கொரு முள்ளான்னு தானே கேட்டேன்? ஏன் ஆயாம்மா, இவன் உங்ககிட்ட கேக்கவே இல்லியா?”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயாம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சனம் தன் கதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாததால்தான் பையன் சொந்தமாக எழுதியிருக்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் அடுத்த பெயரை வாசிக்கும் தைரியம் இல்லை. ஆனால் அதற்குள் அடுத்தவர் எழுந்து வந்துவிட்டார். அம்மா! மேடைக்கு முன்னால் நின்றபோது என் தாளை எட்டிப் பார்த்த சித்தி, அம்மாவின் பெயரும் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

“வாசிடா,” என்றார் அம்மா.

வாசித்தேன். ‘சிறுத்தை என்பது ஏகாதிபத்தியத்தின் குறியீடு. அவள் தாலாட்டு சுரண்டலின் நயவஞ்சகம்.’

“அப்படின்னா என்னா?”

“சிறுத்தை கெட்டவள்னு அர்த்தம்மா.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு ஆயாம்மா பக்கம் திரும்பினார்.

“இவன் என்கிட்ட கேக்கல அக்கா. மலையில தேத்தண்ணி நேரத்துல ராக்கம்மாதான் தினமும் எனக்கு வாசிச்சுக் காட்டுனா. அந்த அடைமழை நாளு எனக்குத் தெரியும். ரோட்டுல மண்ணு சரிஞ்சு நாங்க மலையிலயே மாட்டிக்கிட்ட நாளு அது. பொழுது சாயத்தான் எறங்கி வந்தோம். நீங்க ஒரு வாய் சோறு தின்னாம இவனை மடியில போட்டுப் பாடிக்கிட்டு இருந்தீங்க. உங்க சோத்தையும் இவனே தின்னுருந்தான். அந்தச் சிறுத்தை யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஆட்டுக்குட்டியும் யாருன்னு தெரியும். இந்தா நிக்குது, மைக்கைப் புடிச்சுக்கிட்டு.”

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் குறியீடு கண்டுபிடித்தவனுக்குத் தன்னைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, யாரும் பெயர் கூப்பிடாமலே, எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மரவள்ளி வந்தது, ஊசி வந்தது. சிறுத்தைக்குக் கடைசியில் ஒரு கல்யாணம் பண்ணி வைத்திருக்கலாமே என்று ஒருவர் குறைப்பட்டார். விரிவுரையாளர் பேனாவை எடுத்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். ஆயாம்மா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ஆளுக்கொரு முள்தான் என்று சித்திக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

“உன் பேரு இதுல இல்லியே ராசா. நான் கூப்பிடுறேன், வா. நீ என்னா நினைச்ச?”

மேடையை விட்டு இறங்கி, மாமா நின்ற இடத்தில் போய் நின்றேன். மூன்று வருஷம் படித்த சொல் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“நல்லா இருந்துச்சு ஆயாம்மா,” என்றேன். “அழுதுட்டேன்.”

இப்போது நான் தமிழ் ஆசிரியன். வீட்டில் நான் யாரிடமாவது குழம்பு எப்படி என்று கேட்டுவிட்டால், “பேரைக் கூப்பிடுங்கப்பா,” என்று என் மகள் எழுந்து கைகட்டி நிற்கிறாள். அம்மா சிரித்துச் சிரித்து இருமுகிறார்.

பாதியில் நின்ற அந்தக் கதை அடுப்புக்குப் போகவில்லை. ஆயாம்மாவுக்குக் கண் தெரியாததால், அவர் சொல்லச் சொல்ல மீதியை நான்தான் எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. (மாற்றிவிட முடியுமா? பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தார்.) அது புத்தகமாக வந்தபோது, முதல் நாவலுக்குச் சனம் சொன்ன கருத்துகளைப் பின்னட்டையில் அப்படியே போட்டிருந்தார்கள். மரவள்ளி, முள், கல்யாணம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, ஆயாம்மா கேட்டுக்கொண்டபடி, ஒரு வரி:

‘நல்லா இருந்துச்சு. அழுதுட்டேன். – ஆட்டுக்குட்டி.’