அப்பாவின் மாதிரிக் கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கும், மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

தம்பி எழுதுவது. நானும் உன் மருமகளான என் மகளும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். நிற்க.

என்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பிய சங்கதியைக் கீழ் வீட்டுத் தையல்காரம்மா உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு புகார் வந்தாலும் பிள்ளையை நான் கூட்டிட்டு வந்துடுவேன்" என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். சொன்னதோடு நிற்காமல், மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தையும் உன் கையாலேயே பூர்த்தி செய்து, என் கையெழுத்து மட்டும் பாக்கி வைத்து அனுப்பிவிட்டாய். அது மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அக்கா, புகார் பிள்ளைமேல் இல்லை, என்மேல். என்மேலும் இல்லை, என் கையெழுத்துமேல். எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும். ஆறு மணிக்கே எழுந்து, முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, தலை பின்ன உட்கார்ந்தால், ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் போய் நிற்கிறது. அதைச் சரிபண்ணுவதற்குள் முட்டை வெடிக்கிறது. போன வாரம் அவள் ஓவிய நோட்டு என் அலுவலகத்துக்கும், என் அலுவலகக் கோப்பு ஐந்தாம் வகுப்புக்கும் போய்விட்டன. மேலதிகாரி யானைப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இத்தனைக்கும் நடுவில் வீட்டுப்பாட டைரியில் தினமும் அப்பா கையெழுத்து வேண்டும். நான் தினமும் போட்டுக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வேன் பத்து நிமிஷம் தாமதம், அதனால் டைரி கைக்கு வந்தது, போட்டேன். புதன்கிழமை கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது பொண்ணு போட்ட மாதிரி இருக்கு. அப்பா கையெழுத்து இப்படி இருக்காது" என்றார் டீச்சர்.

"நான்தாங்க அப்பா. நான்தான் போட்டேன்."

"அப்போ இதெல்லாம் யார் போட்டது?" என்று டைரியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக் காட்டி, சேர்க்கைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தார்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். மனுவில் இருக்கிற கையெழுத்தையும் கோப்பில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டு, சரியில்லையென்றால் "கையெழுத்து ஒத்துப்போகவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது" என்று முத்திரை குத்துகிறவன். பதினேழு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், பதிவேடும் டைரியும் அச்சு அசலாக ஒன்று. என்னுடையதுதான் சேரவில்லை. "நீங்க சொல்றது சரிதான் டீச்சர், இது போலிதான்" என்று வாய் தவறி ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பதிவேட்டில் கடைசி எழுத்து கீழே இறங்கி, வளைந்து திரும்பி, இரண்டு புள்ளி வைத்து நிற்கிறது. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேர்க்கை நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் போட்டுக்கறேன், நீங்க ஆபீஸுக்குக் கிளம்புங்க" என்று சொன்னவள் என் மனைவிதான். என் பெயரை அவள் கையால் போட்டிருக்கிறாள். அவள் கண்ணை மூடிய இந்த இரண்டு வருஷமாக, பழைய டைரிகளில் அவள் போட்டதைப் பார்த்துப் பார்த்து மகள் போட்டுவந்திருக்கிறாள். ஏண்டி என்று கேட்டால், "நீங்க பேனா தேடுறதுக்குள்ள வேன் போயிடும்பா. அம்மாவும் இப்படித்தான் போடுவாங்க" என்கிறாள். இவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? சொல்லு.

புது மாதிரிக் கையெழுத்து வைக்கலாமாம். அதற்கு மனுவில் பழைய மாதிரிப்படி கையெழுத்திட வேண்டுமாம். எங்கள் அலுவலகத்திலும் அதே சட்டம்தான், ஆகையால் பேச வாயில்லை. திங்கட்கிழமைக்குள் பழகிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது சாயங்காலமானால் எனக்கும் வீட்டுப்பாடம். உன் மருமகள் சிவப்புப் பேனாவோடு எதிரே உட்கார்ந்து, "கோணலா ஏறுதுப்பா. கோடு போட்ட பேப்பர்ல எழுதுங்க" என்று அதட்டுகிறாள். அவளுடைய கணக்கு நோட்டு இன்னும் திறக்கவே இல்லை. ஐம்பது தடவை எழுதினேன், இன்றுதான் ஒன்றே ஒன்று அம்சமாக வந்தது.

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். மகள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் தன் கையெழுத்தையே போடத் தெரியாதவன் பிள்ளை வளர்க்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒருவேளை நீ சொல்வதுதான் சரியோ என்னவோ, குழப்பமாக இருக்கிறது. விண்ணப்பத்தில் போடு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போட்டு அனுப்பிவிடுகிறேன். இப்போதுதான் போடத் தெரிந்துவிட்டதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் வேனைத் தவறவிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அந்த ஒரு நல்ல கையெழுத்தை எந்தக் காகிதத்தில் போட்டேன் என்று இப்போதுதான் பார்த்தேன். நேர்கோடு வேண்டுமென்று மேசை இழுப்பறையில் துழாவி எடுத்தது உன் விண்ணப்பம். "தந்தை கையொப்பம்" என்ற கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. உன் மருமகள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "நான் அத்தை வீட்டுக்குப் போகணுமாப்பா?" என்றாள். காகிதத்தை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. "உங்க ஆபீஸ் முத்திரையில என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். சிவப்புப் பேனாவால் கையெழுத்துக்குக் குறுக்கே அதையே பெரிதாக எழுதி, உறைக்குள் போட்டுவிட்டாள். விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அக்கா, கையெழுத்து அந்த இரண்டு புள்ளி உட்பட அப்படியே ஒத்துப்போகிறது. இருந்தாலும் திருப்பி அனுப்புகிறோம்.