பெயர் வெளியிட விரும்பாத பெரியப்பா

என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் நான் யாரிடமும் வாயால் சொல்ல மாட்டேன். அச்சில்தான் போடுவேன். என்னுடைய இந்த நற்குணம் இருபத்து மூன்று வயதில் தெரியவந்தது. அதில் மாட்டிக்கொண்டவர் எங்கள் பெரியப்பா.

அப்போது குரோம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் நான் நிருபர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குள் இலவசமாக வந்து விழுமே, அந்த ரகம். (பாதி வீட்டில் அலமாரியில் விரிப்பார்கள், மீதி வீட்டில் வடை எண்ணெய் ஒற்றுவார்கள்.) எழுதியதெல்லாம் சாலைப் பள்ளமும் கும்பாபிஷேகமும்தான். மனதுக்குள் மட்டும் நான் புலனாய்வுப் பத்திரிகையாளர். அதற்கென்றே ஏழு ஜிப் வைத்த பை ஒன்று வாங்கியிருந்தேன். உள்ளே டிபன் பாக்ஸ் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் இரும்புலியூரில் எங்கள் காலனி நலச்சங்கம் திருடனைப் பிடிக்கத் தெருவுக்குத் தெரு கேமரா வைத்தது. திருடன் வரவில்லை. சங்கச் செயலாளர்தான் எல்லாக் கேமராவையும் தன் செல்போனில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன மேடம், நேத்தும் ஓட்டல் சாப்பாடு போல” என்று எங்கள் அம்மாவிடமே கேட்டார். அம்மாவுக்கு மூன்று நாள் முகம் சரியில்லை.

எனக்கோ குஷி தாங்கவில்லை. ஆசிரியரிடம் ஓடினேன்.

“நல்ல விஷயம்மா. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா அது நமக்கும் பொருந்தும். ஒருத்தரோட சொந்த விஷயத்தை எழுதறதுக்கு முன்னாடி, இது ஊருக்குத் தெரிஞ்சே ஆகணுமான்னு உன்னையே கேட்டுக்க” என்றார்.

தலையாட்டினேன். (காதில் விழுந்தது ‘நல்ல விஷயம்மா’ மட்டும்.)

ஆனால் காலனியில் யாரும் பேச முன்வரவில்லை. கடைசியில் பேசியவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், அடுத்த தெருக்காரர், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற ஒரே ஆள். சில மாதங்களாக அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

டாக்டர் அவரைத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நடப்பதென்றால் ஆகாது. காலை ஆறு மணிக்கு வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவார். பிள்ளையார் கோயில் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். திரும்பும்போது தெருக்குழாயில் சட்டைக் காலரையும் முதுகையும் நனைத்துக்கொள்வார். வியர்வையாம். பெரியம்மா பூரித்துப்போய் பெருங்காயம் போட்டு மோர் கொடுப்பார்.

“அந்தக் குழாய்க்கு நேர் மேல கேமராம்மா. கூட்டத்துல, கேமராவைத் திருப்பி வைங்கன்னு கேக்க எழுந்தேன். செயலாளர் பக்கத்துல வந்து, ‘சார், காலைல குழாயடியில ரொம்ப வேர்க்குது போல’ன்னாரு. உக்காந்துட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“எழுதும்மா. உங்க பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. முப்பத்தஞ்சு வருஷத்துல அவகிட்ட நான் சொன்ன பொய் இது ஒண்ணுதான்.”

“உங்க பேரே வராது பெரியப்பா. இது பத்திரிகை தர்மம்” என்றேன்.

பேர் வரவில்லை. ‘பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்’ என்றுதான் ஆரம்பித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாசகருக்குக் காட்சி கண்முன் விரிய வேண்டாமா? ஆகவே, ‘இரண்டாவது தெருவில், பச்சை கேட்டும் இரண்டு வேப்பமரமும் உள்ள வீட்டில் வசிக்கும், ரயில்வே கார்டாக ஓய்வு பெற்ற, வெள்ளை ஷூ அணிந்த அந்த அறுபத்தாறு வயதுக்காரர்’ என்று சேர்த்தேன். குழாய், காலர், பெருங்காய மோர் எதையும் விடவில்லை.

“ஆள் யாருன்னு தெரியாதுல்ல?” என்று ஆசிரியர் கேட்டார்.

“பேரே போடலை சார்.”

அவர் குடியிருப்பது காட்டாங்குளத்தூரில். பச்சை கேட்டை அவர் எங்கே கண்டார்?

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா பேப்பரும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நிதானமாக உட்கார்ந்தார்.

“பாவம், யாரோ நம்ம பக்கத்துக்காரர்தான் போல. அங்கேயும் பச்சை கேட்டாம். அந்த வீட்டம்மாவும் மோர்ல பெருங்காயம் போடுவாளாம். யாரும்மா அது?”

“சொல்லக் கூடாது பெரியம்மா. தனியுரிமை” என்றேன். (சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.)

“சரி, சொல்ல வேணாம். இனிமே மோர் கிடையாதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடு.”

அன்று மாலையே மன்னிப்புக் கேட்கப் போனேன். பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “கேமராவுல செயலாளர் ஒருத்தர்தான் பாத்தாரு. நீ காலனிக்கே போட்டுக் காட்டிட்டியேம்மா” என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆசிரியர் தன் பங்குக்கு, “பேர் மட்டுமாம்மா அடையாளம்?” என்று கேட்டு, என்னை மறுபடி கும்பாபிஷேகத்துக்கே அனுப்பிவிட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பெரியப்பா எழுந்து நின்றார். சட்டைக் காலர் காய்ந்திருந்தது.

“இனிமே எங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்லை சார். கேமராவைத் திருப்புங்க” என்றார். கேமரா திரும்பியது. பெரியப்பா அன்றிலிருந்து தினமும் நடக்கிறார், பக்கத்தில் பெரியம்மாவோடு.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசும்போது நான் உள்ளே நுழைந்தால், “அவகிட்ட சொல்லாதீங்க. பேர் போட மாட்டா, மத்ததெல்லாம் போட்டுடுவா” என்பார்கள். என் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. கொடுத்தவர் பெயர் எழுதுகிற இடத்தில் ரயில்வே ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி நுணுக்கமான கையெழுத்து. அந்தச் சீட்டை இன்னும் உரிக்கவில்லை:

‘அன்பளிப்பு: பெயர் வெளியிட விரும்பாத ஒருவர், பச்சை கேட், இரண்டு வேப்பமரம், வெள்ளை ஷூ. மோர் மறுபடி கிடைக்கிறது.’