முன்மாதிரி இல்லம்

விருதை ஏற்றுக்கொள்ள ஒரு படிவம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் படிவம் இருக்கவில்லை.

இதைத் தெரிந்துகொள்ள கிளெமென்ற் மூன்று மேசைகளைக் கடக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மேசையில், மாநகர சபையின் சுற்றாடல் பிரிவில், தனுஷியா என்ற இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். தேவையில்லாத விளக்குகளை அணைக்கும்படி மும்மொழியிலும் எழுதிய சுவரொட்டி ஒன்று அவளுக்குப் பின்னால் தொங்கியது. அதை வாசிப்பதற்கு வசதியாக, பகல் பதினொரு மணிக்கு இரண்டு குழாய் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கொட்டாஞ்சேனையில் ஒரு வருடத்துக்குள் மின்சாரப் பாவனையை ஆகக் கூடுதலாகக் குறைத்த வீடு கிளெமென்றின் வீடு. போன வருடம் மாதம் சராசரி இருநூற்று முப்பத்தெட்டு யுனிட். இந்த வருடம் தொண்ணூற்றாறு. டிசம்பரில் விழா. மேடை, சான்றிதழ், வாசலில் பதிக்க 'முன்மாதிரி இல்லம்' என்று எழுதிய பச்சைத் தகடு. வெற்றியாளர் ஐந்து நிமிடம் பேசவும் வேண்டும், தான் எப்படிச் சேமித்தேன் என்று.

தனுஷியா பேனையை எடுத்தாள். "எப்பிடிக் குறைச்சீங்க அங்கிள்?"

"மனிசி செத்துப்போனா," என்றார் கிளெமென்ற்.

பேனை நின்றுவிட்டது. அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். எப்போது என்று கேட்டாள். ஜனவரியில் என்றார். மறுபடி படிவத்தைப் பார்த்தாள். நான்கு பெட்டிகள் இருந்தன: சிக்கன விளக்குகள், சூரியத் தகடு, பழக்கவழக்க மாற்றம், வேறு. 'வேறு' என்று போட்டால் விளக்கம் எழுத வேண்டும். அவள் 'பழக்கவழக்க மாற்றம்' என்பதில் சரி போட்டாள்.

"இதுக்குத்தான் எனக்கு வேண்டாம் எண்டு சொல்றன்," என்றார் அவர்.

அதற்கு வழியில்லை என்று அவள் மெதுவாக விளக்கினாள். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது. இனி அடுத்த இரண்டு மாத பில்லையும் பார்த்துத்தான் முடிவு. யுனிட் திரும்ப ஏறினால் மட்டும் பெயர் தானாக விழும்.

கிளெமென்ற் நன்றி சொல்லி எழுந்தார். ஏறினால் விழும் என்றால் ஏற்றிவிடலாம். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்தவருக்கு இது ஒரு பெரிய வேலையாகத் தெரியவில்லை.

அந்த விருதை அவர் ஏன் அப்படி வெறுத்தார் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மனைவி நேசம் அடம்பிடித்துப் பெரிய பிரிட்ஜ் ஒன்று வாங்குவித்தாள். அந்த வருடத்தோடு பில் மூன்று மடங்கு ஏறியது. அன்று தொடங்கி மாதத்துக்கு ஒருமுறை கிளெமென்ற் பில்லும் கையுமாகக் குசினி வாசலில் நிற்பார். சட்டை தேய்க்கிற அயனைச் சொல்லுவார், ரேடியோவைச் சொல்லுவார், இயேசுவின் திருவிருதயப் படத்துக்கு முன்னால் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கைக்கூடச் சொல்லியிருக்கிறார். நேசம் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமல், "நான் என்னத்தை எரிச்சனான்?" என்று கேட்பாள். ஒவ்வொரு மாதமும் அந்த ஒரே கேள்வி. ஜனவரியில் அவள் போனாள். பெப்ரவரியில் பில் பாதிக்குக் கீழே இறங்கியது. பிரிட்ஜ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டு வருடச் சண்டையில் அவர் வென்றுவிட்டார். அதற்கு இப்போது சபை சான்றிதழ் தரப்போகிறது. மேடையில் ஏறி அதை வாங்கினால், பதில் சொல்ல ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளைக் குற்றவாளியாக்கியது போலாகிவிடும். பில்லைப் பார்த்த நாளிலிருந்து, அது ஏன் குறைந்தது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். சபை படிவம் வைத்தே கேட்டுவிட்டது.

அன்று பின்னேரமே வேலை தொடங்கியது. எல்லா அறையிலும் விளக்கு. எல்லா அறையிலும் பேன். அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய், யாரோ விற்றுவிட்டுப் போன, கேக் சுடுகிற மின்சார அவண் ஒன்றை வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றையும் வைக்காமல் அதைக் காலை மாலை இரண்டு மணித்தியாலம் சூடாக்கினார். வீடு வெந்தது. சூட்டுக்குப் பேனின் வேகத்தைக் கூட்டினார். அதுவும் கணக்கில் சேரும் என்பதில் ஒரு திருப்தி.

பக்கத்து வீட்டு றோஸி வேலியால் எட்டிப் பார்த்து, பகலில் ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று கேட்டாள். கண் பார்வை குறைவு என்றார். அடுத்த நாள் அவள் ஒரு கண் டொக்டரின் விலாசத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

மாத முடிவில் பில் வந்தது. எண்பத்தெட்டு. போன மாதத்தைவிட எட்டு யுனிட் குறைவு.

கிளெமென்ற் கண்ணாடியைத் துடைத்து இன்னொருமுறை பார்த்தார். றோஸி தந்த விலாசத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

அன்று பின்னேரம் மேல்மாடியிலிருந்து ரிஷாத் இறங்கி வந்தான். ரிஷாத்தும் ஷிஹாராவும் கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பு மேலே சலூன் வைத்திருந்த ரொஷேல் வருடத் தொடக்கத்தில் கல்கிசைக்கு மாறிப் போன பிறகு வாடகைக்கு வந்தவர்கள். நல்ல பிள்ளைகள், நடக்கிற சத்தமும் கேட்காது. ரிஷாத்தின் கையில் அவனுடைய பில். எண்பத்தைந்தில் இருந்தது இருநூற்றுப் பதினாலுக்குப் போயிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்கு வேலைக்குப் போற அங்கிள், இருட்டினாப் புறகுதான் வாற. ஒங்களுக்குக் கரண்ட் சேமிக்கிறதுல பரிசு கெடைக்கப்போகுதாம். ஒருக்கா மேல வந்து பாருங்களேன்."

எப்படி மறுப்பது? ஏறிப் போனார். மூலையில் ஷிஹாராவின் உம்மா சீதனமாகக் கொடுத்த உறைபெட்டி, அரை ஆட்டுக்கு மேல் பிடிக்கும், உள்ளே இரண்டு மீன் துண்டு. அதை நிறுத்தச் சொன்னார். அயன் கிழமைக்கு ஒருமுறை போதும் என்றார். தொலைக்காட்சியை றிமோட்டால் அணைத்தால் போதாது, சுவரில் சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். பன்னிரண்டு வருடம் நேசத்துக்குச் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்தது. இவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். இறங்கும்போது, கொஞ்சம் வெட்கத்தோடு, தனக்கு இது கைவந்த கலைதான் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே வந்து அவணைப் போட்டார்.

இரண்டாம் மாதம் கை வைக்காத இடமில்லை. குளியலறையில் சுடுநீர் ஹீற்றர் பூட்டுவித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வெந்நீரில் குளித்து, அது பிடிக்காமல், குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாளித் தண்ணீரில் குளித்தார். தொலைக்காட்சியை மட்டும் புதிதாக ஓட விட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னால் கதிரையில் உறங்கிப்போய் விடிய எழும்பும்போது அது இந்த வருடம் முழுக்க நடந்தது போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

பில் வந்தது. நாற்பத்தொன்று.

மேலே ரிஷாத்துக்கு முந்நூற்று நாற்பத்தேழு.

இந்த முறை ஷிஹாராதான் இறங்கி வந்தாள். வாசலில் நின்றபடி, அவருடைய தோளுக்கு மேலால் உள்ளே எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீங்க சென்னதக் கேட்டு நாங்க மேல ஒரு லைட்டுல இருந்து சாப்பிடுற அங்கிள். கீழ பாத்தா கலியாண வூடு மாதிரி ஈக்குது. அப்புடியும் ஒங்களுக்கு நாப்பத்தொண்டு. இது என்ன மாயம்?"

தனக்கும் விளங்கவில்லை என்றார் கிளெமென்ற். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன இடத்தில், அந்த வெளிச்சத்தில், யாரும் நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

தனுஷியா தொலைபேசியில் அழைத்தாள். சந்தோசத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் எல்லாரும் அதைப் பற்றியே கதைக்கிறார்களாம். இனி கொட்டாஞ்சேனைக்கு மட்டுமில்லை, நகரம் முழுவதற்கும் முதலாம் இடம். நாளை படம் எடுக்க வருகிறார்கள்.

கிளெமென்ற் அன்றுதான் நிம்மதியாக உறங்கினார். வரட்டும். வந்து கண்ணால் பார்க்கட்டும்.

அவர்கள் வந்தபோது கதவைத் தானே அகலத் திறந்துவிட்டார். தனுஷியா, ஒரு படப்பிடிப்பாளர், சபையின் பொறியியலாளர் ஒருவர். வீட்டில் பதினொரு விளக்கு எரிந்தது. ஐந்து பேன் சுழன்றது. அவண் வெறுமனே சிவந்திருந்தது. சட்டை ஒன்றும் இல்லாத மேசையில் அயன் சூடாக நின்றது.

"நல்லாப் பாருங்க," என்றார். "ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்."

தனுஷியா அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண்களில் கிட்டத்தட்ட பக்தி. "இவ்வளவும் போட்டும் நாப்பத்தொண்டா அங்கிள்? ஒரு வசதியையும் குறைக்காம?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அவள் குறிப்புப் புத்தகத்தில் எதையோ அடிக்கோடிட்டு எழுதினாள்.

பொறியியலாளர் எழுதவில்லை. அவர் அவணையும் கிளெமென்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த நாற்பத்தொன்று ஒன்றில் அற்புதமாக இருக்க வேண்டும், அல்லது களவாக இருக்க வேண்டும் என்றார். மீற்றரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

"களவெண்டா விருது இல்லைத்தானே?" என்று கேட்டார் கிளெமென்ற்.

களவென்றால் பொலிஸ் என்றார் பொறியியலாளர்.

அடுத்த நாள் காலை மஹ்ரூப் வந்தார். பதினைந்து வருடமாக அந்த ஒழுங்கையில் மீற்றர் பார்க்கிறவர். வெயிலில் வருபவருக்கு நேசம் எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுப்பாள். வாசலில் அவருக்குப் பின்னால் பொறியியலாளரும் தனுஷியாவும் நின்றார்கள். ரிஷாத்தும் ஷிஹாராவும் படியில் நின்றார்கள். றோஸி வேலியில் நின்றாள். பதினொரு மாதத்துக்கு முன் சவப்பெட்டி போனபோதும் இப்படித்தான் ஒழுங்கையில் ஆட்கள் நின்றார்கள்.

மஹ்ரூப் சுவரிலிருந்த இரண்டு மீற்றரையும் பார்த்தார். சீல் உடையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கிளெமென்றை உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார்.

கிளெமென்ற் அணைத்தார். பதினொரு விளக்கும் ஒன்றாகச் செத்தன. வெளியே வந்தபோது மஹ்ரூப் மேல்மாடி மீற்றரில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அது நின்றிருந்தது. கிளெமென்றின் மீற்றர் தன்பாட்டில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"வயர் மாறி ஈக்குது," என்றார் மஹ்ரூப். "மேல்மாடி எப்ப கட்டின?"

"பன்னிரண்டு வருசம்."

"அண்டைக்கு வயரிங் செஞ்ச பாஸ், மேல உள்ளதக் கீழயும் கீழ உள்ளத மேலயும் குடுத்துட்டான். அண்டையில இருந்து நீங்க கட்டினது மேல்மாடிட பில். ரொஷேல் கட்டினது ஒங்கட பில்."

முதலில் ஷிஹாராவுக்குத்தான் விளங்கியது. நாங்கள் உறைபெட்டியை நிறுத்த நிறுத்த இவருக்குப் பரிசு ஏறியிருக்கிறது என்றாள். ரிஷாத் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினான். தனுஷியா குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அடிக்கோடிட்டதன் மேல் இன்னொரு கோடு போட்டாள். பொறியியலாளர் வேறொரு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டுப் போய்விட்டார்.

கிளெமென்ற் மீற்றருக்குக் கீழே படியில் உட்கார்ந்தார். இருநூற்று முப்பத்தெட்டு யுனிட் ரொஷேலின் சலூன். குளிரூட்டியும், தலைமயிர் காய வைக்கிற இயந்திரங்களும். அது கல்கிசைக்குப் போனதால் பில் இறங்கியது. நேசம் போனதால் இல்லை. அவள் செத்ததற்கு யாரும் அவருக்குப் பரிசு தரவில்லை. ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ரொஷேல் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளாவது தன் பில் குறைவு என்று சொன்னாளா என்று எல்லாரையும் கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அப்படியானால் அவரும் வெல்லவில்லை, அவளும் தோற்கவில்லை. அந்தச் சண்டைக்கே காரணம் இருக்கவில்லை. இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தார்.

மஹ்ரூப் கடமையைப் பாதியில் விடுகிற மனிதரில்லை. கணக்கைச் சரிப்படுத்த வேண்டும் என்று, இத்தனை வருடமும் கிளெமென்றின் வீட்டுப் பாவனை ஏறிய மேல்மாடிக் கணக்கு இலக்கத்தைப் போனில் தட்டி, பழைய மாதங்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். போன வருடம் முழுக்க ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று. இந்த வருடம் ஜனவரி, ஐம்பது. பெப்ரவரி, எண்பத்துமூன்று. மார்ச், எண்பத்தாறு. அவண் வாங்குவதற்கு முந்திய மாதம் வரைக்கும் எண்பதுக்குக் கீழே ஒருதரமும் இறங்கவில்லை.

மஹ்ரூப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அப்ப இந்த வூட்டுல ஒங்களுக்குப் பின்னாலயே வந்து எல்லாத்தயும் ஓஃப் பண்ணினது அன்ரிதானா, அங்கிள்?"