காய்ச்சலுக்குச் செல்லாத கார்டு

ஒரு காட்டில் கார்டு இல்லாத மிருகமே கிடையாது. சிங்கராஜா தன் படத்தைப் பெரிதாகவும், மிருகத்தின் படத்தை மூலையில் தபால்தலை அளவுக்கும் போட்டு, எல்லோருக்கும் இலவச மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கொடுத்திருந்தார். முயலுக்கு உண்டு, பாம்புக்கு உண்டு. போன வருஷம் செத்துப்போன யானைக்குப் புதுப்பித்தே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கார்டை வாங்கிக்கொள்ளும் டாக்டர்தான் பக்கத்தில் எங்கும் இல்லை.

அந்தக் காட்டில் சடையன் என்ற குரங்குக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. கிளையைப் பிடித்தால் பிடி நழுவியது. இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அவன் பெண்டாட்டி பவளம் பயந்துபோனாள். கைக்குட்டியோடு அவள் தனியாக என்ன செய்வாள், பாவம்.

"கார்டு எதுக்கு இருக்கு? வாங்க, கொக்கு டாக்டர்கிட்ட போவோம். காய்ச்சல், தலைவலி எல்லாம் பார்ப்பாராம்" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் கீரி, கார்டைப் பார்த்ததும் "டாக்டர் லீவு" என்றது.

"உள்ள உட்கார்ந்திருக்காரே?"

"காசு கட்டுறவங்களுக்கு இருக்காரு. கார்டுக்கு லீவு."

பவளம் கார்டில் போட்டிருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். "உங்கள் நலமே ராஜாவின் நலம். காய்ச்சலுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது கிளி. அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் அதே பாட்டு மறுபடி வந்தது.

கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் கரடி டாக்டர் கார்டு வாங்குகிறார் என்று யாரோ சொல்ல, விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தார்கள். கரடி தங்கமான மனுஷன்.

"கார்டு செல்லும்மா. காய்ச்சலுக்குத்தான் செல்லாது. அட்மிட் பண்ணி எதையாவது வெட்டினாத்தான் பணம் வரும்."

"வெட்ட ஒண்ணும் இல்லையே டாக்டர்."

கரடி சடையனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வால் இருக்கே."

"அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறதை எடுத்தாத்தான் புண்ணு சீக்கிரம் ஆறும். வார்டுல படுத்திருக்கப்ப காய்ச்சலுக்கும் மாத்திரை குடுத்துடறேன், ஃப்ரீயா."

சடையனுக்கு அழுகை வந்துவிட்டது. குரங்குக் கூட்டத்திலேயே நீளமான வால் அவனுடையது. அதைப் பார்த்து மயங்கித்தான் பவளம் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். ஆனால் வாலா புருஷனா என்று வந்தால் என்ன செய்வது? அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள்.

வால் போனது. மாத்திரையில் காய்ச்சலும் போனது. ரொட்டியும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்த சொந்தபந்தம், "ஒரு பைசா செலவில்லையா?" என்று கேட்டது. இல்லை என்றதும் ஒவ்வொருவரும் தங்கள் வாலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பிய சடையன், பழக்கதோஷத்தில் உச்சாணிக் கொம்பிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவினான். வாலில்லாத உடம்பு பாதி வழியில் கவிழ்ந்து, பொத்தென்று பாறையில் விழுந்தது. பவளம் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்து அவள் ஓவென்று அழுதாள்.

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"அழாதடி. எலும்பு முறிஞ்சிருக்கு. இதுக்குக் கார்டு செல்லும்."

நீதி: இலவசக் காப்பீடு உள்ளவர் காய்ச்சலில் படுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது, உயரமான மரமாகப் பார்த்து ஏறவேண்டும்.