பதினாலு அங்குலக் கதவு

முருகையன் ஒரு சபதம் எடுத்தான். இனிமேல் வேலை நேரத்தில் ஆதிலட்சுமியின் குரல் தன் காதில் விழக் கூடாது. அதற்காகச் சண்டை போடுவதில்லை, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதும் இல்லை. இந்த இரண்டையும் கல்யாணமான பதினைந்து வருஷத்தில் பல தடவை செய்து பார்த்தாயிற்று. அத்தனை தடவையும் பட்டினி கிடந்தது அவன்தான். இந்தத் தடவை இரும்பையும் கண்ணாடியையும் வைத்துக் காரியத்தை முடிப்பது என்று தீர்மானம்.

அவனிடம் ஒரு குட்டி லோடர் இருந்தது. ஜேசிபிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரம், முன்னால் ஒரு பக்கெட், அதைத் தூக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கை, நடுவில் ஒரே ஒரு சீட்டு. இரண்டு பக்கமும் கை இருப்பதால் பக்கவாட்டில் ஏற முடியாது. பக்கெட்டின் மேல் கால் வைத்து முன்பக்கமாக உள்ளே போய், திரும்பி உட்கார வேண்டும். வேலை பார்த்த மில்லை மூடினபோது கையில் வந்த பணத்தை வைத்துப் பழையதாக வாங்கிய வண்டி. அவன் குடியிருக்கிற உப்பளம் பேட்டையில், தெரு முடிகிற இடத்தில் ராமலிங்கத்தின் மணல், ஜல்லி யார்டு. வருகிற லாரிக்கெல்லாம் அள்ளிப் போடுவது முருகையன் வேலை.

வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆதிலட்சுமியின் ராஜ்யம். அந்தச் சீட்டில் மட்டும்தான் அவன் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஆனால் தலைக்கு மேல் ஒரு தகரமும் நாலு கம்பியும் தவிர அந்தச் சீட்டுக்கு மறைப்பு கிடையாது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு வருகிறவள் கேரியரை வைத்துவிட்டுப் போக மாட்டாள்.

"என்னாங்க, அந்த மேட்டை அப்பறம் அள்ளுங்க. மொதல்ல வழியில கெடக்கறதைத் தள்ளுங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் லாரி அங்க நிக்குது?"

லாரி அங்கேதான் நிற்கும். வழியில் ஜல்லி கிடக்குமல்லவா. அவள் சொல்வது தப்பாக இருந்தால்கூட முருகையன் பொறுத்துக்கொண்டிருப்பான். சரியாக இருந்து தொலைத்தது. ராமலிங்கம் வேறு, "தங்கச்சி சொல்றதும் சரிதானேப்பா" என்று தலையாட்டுவார்.

போதாததற்கு ஆறு மாசமாக இன்னொரு பேச்சு. "எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுங்க. மத்தியானத்துக்கு மேல நீங்க தூங்கத்தானே வர்றீங்க. அந்த நேரத்துக்கு நான் ஓட்டறேன்."

"தூசி. உனக்கு ஆவாது."

"தூசி உங்களுக்கு மட்டும் ஆவுதா?"

"வெயிலு. அப்பறம் நாலு பேரு பாப்பாங்க. பொடவையோட எப்பிடி ஏறுவ?"

"சுடிதார் தைக்கத் தெரியும் எனக்கு."

ஆதிலட்சுமி தையல்காரி. தெருவில் பாதி ஜாக்கெட் அவள் கை வேலை. முருகையன் போடுகிற பேண்டும் அவள் தைத்ததுதான். அதில் ஒரு ரகசியம் உண்டு. கல்யாணத்தின்போது அவன் இடுப்பு முப்பத்திநாலு. இன்றைக்கும் முப்பத்திநாலு என்பது அவன் கட்சி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை டேப்பைச் சுற்றிவிட்டு உண்மையைச் சொன்னாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அதிலிருந்து அவள் நாற்பத்திரெண்டு தைத்து, "முப்பத்திநாலுதாங்க, கரெக்டா இருக்குதா?" என்று கொடுத்துவிடுவாள். அவனும் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவான். பாவம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்.

சபதம் எடுத்த அன்று சாயங்காலம் அவன் விஷயத்தைப் போட்டு வைத்தான். "தூசி நெஞ்சைக் கட்டுது. வண்டிக்குக் கேபின் கட்டப் போறேன். நாலு பக்கமும் கண்ணாடி, முன்னாடி கதவு. ஒரு பொட்டுத் தூசி உள்ள வராது."

சல்லடை போட்டுக் கேள்வி கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நல்லதுதாங்க. கட்டுங்க" என்றாள். தயாரித்த பதிலெல்லாம் வீணாய்ப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

யோசனை சொல்ல எதிர்வீட்டுக் கண்ணையன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். பிரெஞ்சில் சிப்பாயைச் சொல்கிற மாதிரி, தெருவுக்கே அவர் சொல்தா.

"நான் டாங்கி ஓட்டினவம்பா. மூடியைச் சாத்திக்கிட்டா வெளிய குண்டு விழுந்தாலும் மெதுவாத்தான் கேக்கும்."

"பொம்பளைங்க பேசினா?" என்றான் முருகையன், குரலைத் தாழ்த்தி.

கண்ணையன் தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அதை நாங்க டெஸ்ட் பண்ணலை. நீ நல்லா ஸ்பாஞ்சு வச்சு அடை."

அளவு எடுக்க வேண்டும். ஆதிலட்சுமி டேப்போடு வந்து நின்றாள். முருகையன் கையை நீட்டித் தடுத்தான். "என் அளவு எனக்குத் தெரியாதா? முப்பத்திநாலு. பேண்டைத் தரையில விரிச்சா பாதி. பதினேழு. ஒரு இஞ்ச் தாராளமா வச்சுக்குவோம். கதவு பதினெட்டு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வயிற்றைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "சரிங்க. பதினெட்டு."

வேலை மூன்று வாரம் நடந்தது. வீட்டை ஒட்டிய காலி மனையில் தினமும் சாயங்காலம் வெல்டிங். பழைய இரும்புக்கடையில் ஒரு வேனின் முன்கண்ணாடி கிடைத்தது. சட்டத்துக்குச் சதுரக் குழாய், அடைப்புக்குத் தகரம், கண்ணாடியைப் பிடிக்கக் கறுப்பு ரப்பர். பெரிய தலைவலி கதவுதான். பக்கெட்டின் கை மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் கதவில் இடிக்கக் கூடாது. அதைப் பார்க்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து வண்டியை இயக்க வேண்டும், ஒருவர் கீழே நின்று சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோடு போடுகிற அறிவு வேலையை இன்னொருவரிடம் விட முருகையனுக்கு மனசு வரவில்லை.

"ஆதி, நீ உள்ள உக்காரு. சாவியைத் திருப்பு. கையைத் தூக்கு. அதில்ல, வலது பக்கம். ம். எறக்கு."

"இப்படிங்களா?"

"மெதுவா. கொஞ்சம் முன்னாடி வா. ரெண்டு லீவரையும் ஒண்ணாத் தள்ளு. நில்லு. இப்ப ஒண்ணை மட்டும் இழு, அப்பிடியே திரும்பும். பயப்படாத."

"பயமெல்லாம் இல்லைங்க. இன்னொரு தடவை பாத்துடலாமா? கோடு சரியா உழுந்துச்சான்னு."

"பாரு, பாரு."

இப்படிப் பத்து நாள் கோடு போட்டான். அவள் பத்து நாள் முன்னே வந்தாள், பின்னே போனாள், வட்டமடித்தாள், ஓரத்தில் கிடந்த மண்ணை அள்ளி இன்னொரு ஓரத்தில் கொட்டினாள். கோடு நன்றாகவே விழுந்தது.

கதவு மாட்டியாயிற்று. கதவுச் சட்டத்தின் உட்பக்கம் சுற்றிலும் ஒரு அங்குல ஸ்பாஞ்சு, அதன் மேல் ஆதிலட்சுமி தைத்த ரெக்சின். முருகையன் உள்ளே போய் உட்கார்ந்தான். வயிறு லேசாக உரசியது, ரெக்சின் புதுசு என்று நினைத்துக்கொண்டான். கதவைச் சாத்தினான். ஆதிலட்சுமி வெளியே நின்று ஏதோ சொன்னாள்.

கதவைத் திறந்தான். "குழம்புக்குப் புளி கரைச்சு வச்சிருக்கேன்னு சொன்னியா?"

"ஆமா. கேட்டுச்சா?"

"லேசா."

அவன் முகம் வாடிப்போனது. மூன்று வாரப் பாடு, புளி வரைக்கும் உள்ளே வருகிறது. அவள் ரப்பரைத் தடவிப் பார்த்தாள்.

"சத்தம் வர்ற வழியில தூசியும் வருங்க. இன்னொரு சுத்து ஒட்டிடுவோம். நானே ஸ்பாஞ்சு வாங்கியாறேன்."

பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று முருகையன் உருகிவிட்டான். இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் மனசு உறுத்தியது. ஒரு நிமிஷம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாவது சுற்றையும் ஒட்டிவிட்டு, பசை காயட்டும், கதவைத் தொடாதீர்கள் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டான். தானும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வண்டிக்குப் பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். தெரு கூடிவிட்டது. எட்டு மணிக்கு ராமலிங்கத்தின் யார்டில் ஆறு லாரி நிற்கும். காலாப்பட்டில் ஒரு கட்டிட வேலைக்கு ஜல்லி போக வேண்டும். முருகையன் வரவில்லை என்றால் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். இப்போது அவரே வந்து நின்றார்.

முருகையன் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு பக்கெட்டின் மேல் ஏறினான். கதவைத் திறந்தான். வலது காலை உள்ளே வைத்தான். தோளைச் சரித்துத் தலையை உள்ளே கொண்டுபோனான். அதற்கு மேல் போகவில்லை. பதினெட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் ஸ்பாஞ்சு தின்றுவிட்டது. மிச்சம் பதினாலு.

மூச்சை உள்ளே இழுத்தான். ஒருக்களித்தான். ஒருக்களித்தால் முன்னாலும் பின்னாலும் சமாச்சாரம் அதிகமாக இருந்தது. நேராக நின்றான். ரெக்சின் கிறீச் என்றது.

"என்னாப்பா?" என்றார் கண்ணையன்.

"ஒண்ணுமில்ல. பசை காஞ்சுதான்னு பாக்கறேன்."

"வயித்தால ஏம்பா பாக்கற?"

ராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெரு முருகையனைப் பார்த்தது. முப்பத்திநாலு என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்த மனுஷன், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் மூளை வேலை செய்தது. கஷ்டத்தில் வேலை செய்கிற மூளை சொன்னபடியெல்லாம் செய்யக் கூடாது, ஆனால் வேறு வழியில்லை.

மெதுவாகப் பின்வாங்கி இறங்கினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான்: "மொதமொத நான் ஏறினா நல்லாருக்காது. வூட்டுக்கு விளக்கேத்தறவ ஏறணும். அவளுக்காகத்தானே கட்டினது. ஆறு மாசமா ஆசையா கேட்டுக்கிட்டிருக்கா. தூசி படாம, வெயில் படாம ஓட்டட்டும்னுதான்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவனை ஒரு மாதிரி கனிவாகப் பார்த்தார்கள். அவர்களுடைய புருஷன்மார்கள் கொடூரமாகப் பார்த்தார்கள். கண்ணையன், "த்ரே பியான், ரொம்ப நல்லது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஆதிலட்சுமி வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது சுடிதாரில் இருந்தாள். புதுசு, மடிப்புக் கலையாதது. பக்கெட்டில் கால் வைத்து, பதினாலு அங்குலத்தில் இரண்டு பக்கமும் இடிக்காமல் உள்ளே போய், திரும்பி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி தெருவில் ஆடாமல் அசையாமல் போயிற்று. முருகையன் கூடவே ஓடினான்.

"பாத்து, வலது லீவரு. ஆதி. வலது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் குரல் அவளுக்கு எட்டியதாகவே தெரியவில்லை. வேலை அவ்வளவு நேர்த்தி.

பத்தரை மணிக்கு ஆறு லாரியும் கிளம்பிவிட்டது. முருகையன் ஓட்டினால் மத்தியானம் ஆகும். "மொதல்ல வழியில கெடந்ததைத் தள்ளிட்டுதான் ஆரம்பிச்சாப்பா தங்கச்சி" என்றார் ராமலிங்கம். முருகையனுக்கு வயிறு எரிந்தது. ஆறு நாள் எரிந்தது. ஆறு நாளும் அவன் சீட்டில் அவள் இருந்தாள், அவன் வீட்டில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுக்கிற மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து கதவுச் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டான். இந்தத் தடவை இருபத்திரெண்டு. ஆதிலட்சுமி தையல் மிஷினை விட்டு எழுந்துவந்து வாசலில் நின்றாள்.

"அறுக்கப் போறீங்களா?"

"ஆமா."

"அறுங்க. ஆனா எதிர்வீட்டுக்காரர் வந்து, அவளுக்காகக் கட்டினதை ஏம்பா அறுக்கறன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

முருகையன் யோசித்தான். காரணம் என்று ஒன்றுதான் இருந்தது. அதைத் தெருவில் சொல்ல முடியாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே இன்னும் இரண்டு வருஷம் ஆகும். எதிர்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கோட்டைக் கையால் அழித்தான்.

"சரி வுடு. உனக்காகத்தானே கட்டினேன்" என்றான்.

"அது எனக்கு மொத நாளே தெரியுங்க," என்றாள் ஆதிலட்சுமி. "அதான் ரெண்டாவது சுத்து ஸ்பாஞ்சு வாங்கியாந்தேன்."