குச்சி டீச்சரும் என் உளுந்துக் கதையும்

கோவில்பட்டி வட்டாரத்தில் எதையும் சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாத ஒரே இடம், குச்சி டீச்சர் நிற்கிற இடம்தான்.

அடிக்கிற குச்சி என்று பயந்துவிட வேண்டாம். தீப்பெட்டி ஆபீசில் கேட்டு வாங்கிய, மருந்து முக்காத வெறும் குச்சி. அவருடைய நாலாம் வகுப்பில் ஆளுக்கொன்று. பாடத்தைப் படித்துப் பதில் சொன்னால் போதாது; பதில் எந்த வரியிலிருந்து வந்ததோ, அந்த வரிக்கு அடியில் குச்சியை வைக்க வேண்டும். குச்சி வைக்க இடமில்லையென்றால் அது பதிலே இல்லை.

வியாதி வகுப்போடு நிற்கவில்லை. “சனிக்கிழமையும் வரணும், சுற்றறிக்கை வந்திருக்கு” என்றார் தலைமையாசிரியர். டீச்சர் குச்சியை நீட்டினார். “எந்த வரில ஸார்?” அப்படி ஒரு வரியே இல்லை. வாத்தியார்கள் எங்களுக்கு விடுமுறை கிடைத்தது; தலைமையாசிரியருக்கு ரத்தக் கொதிப்பு.

ஒரு நாள் ஒரு மாணவியின் அப்பா வந்து புலம்பினார்: “டாக்டர் இனிப்பு திங்கலாம்னு சொல்லிட்டாருன்னு ஒரு போளிய எடுத்தேன் டீச்சர். எம்மவ மருந்துச் சீட்டக் கொண்டாந்து, எந்த வரிங்கா!”

டீச்சர் தற்காலிக ஆசிரியை. ஆண்டுதோறும் நீட்டிப்பு வர வேண்டும். அதற்கு, பார்வையிட வரும் அதிகாரி நல்லபடியாக எழுத வேண்டும். அந்த ஆண்டு வந்த அதிகாரியின் கையில் இருந்தது நான் எழுதிய பயிற்சித்தாள்: மாரிச்சாமி என்ற விவசாயியைப் பற்றி நான்கு வரிக் கதை, அதன் கீழ் கேள்வி, அவருடைய பிரதியில் மட்டும் விடை. பக்கத்து வகுப்பு வாத்தியாரான நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால், பள்ளியில் கதை எழுதும் பொறுப்பெல்லாம் என் தலையில்தான். அதிகாரி என்னையும் உடன் அழைத்துக்கொண்டு டீச்சரின் வகுப்புக்குள் நுழைந்து, தாளிலிருந்த கேள்வியைக் கேட்டார்.

“மழை வந்ததும் மாரிச்சாமிக்கு எப்படி இருந்தது?”

முத்துச்செல்வி எழுந்தாள். “அழுகையா வந்துச்சு ஸார்.”

“தப்பும்மா. மகிழ்ச்சியா இருந்ததுன்னு விடை போட்டிருக்கு.”

அவள் தாளில் குச்சியை வைத்தாள். “இங்கன இருக்கு ஸார், ‘அறுத்த உளுந்து களத்தில் காய்ந்தது.’ மழ பெஞ்சா முளச்சிரும்லா? பெறவு எப்படி சிரிப்பாவ?”

மண்வாசனைக்காக நான் சேர்த்த வரி அது. உளுந்து நனைந்தால் என்னவாகும் என்று, கரிசலில் பிறந்து ஐம்பது வயதாகியும் எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி முகம் சுருங்கியது. “விடையில இருக்கிறதைச் சொல்லிக்கொடுங்க டீச்சர்.”

நான் டீச்சரிடம் கிசுகிசுத்தேன்: “சரின்னு சொல்லிருங்க. நீட்டிப்பு இவிய கையிலதான் இருக்கு.”

“போனா போவுது ஸார்” என்றார் டீச்சர், ஊருக்கே கேட்கும்படி. “சரியாச் சொன்ன பிள்ளையத் தப்புன்னு எப்படிச் சொல்ல?” பிறகு அதிகாரியிடம் குச்சியை நீட்டினார். “பிள்ள வரியக் காட்டிட்டா. மகிழ்ச்சின்னு எந்த வரில இருக்கு? நீங்க காட்டுங்க ஸார்.”

அதிகாரி நான்கு வரிகளிலும் இரண்டு முறை ஏறி இறங்கினார். எங்கும் தங்க முடியவில்லை.

“யாரு எழுதினது இதை?”

மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. பையன்களைப் போலக் கையைத் தூக்கினேன். “நான்தான் ஸார். விடையத் தப்பா போட்டுட்டேன். அவ சொல்லுததுதான் சரி.” என் எழுத்தை இவ்வளவு கவனமாக யாரும் அதுவரை படித்ததில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அதிகாரி பேனாவை எடுத்து என் விடையை அடித்தார். டீச்சருக்கு நீட்டிப்பும் வந்தது.

எங்கள் இரு வகுப்புகளுக்கும் நடுவே வெறும் தட்டிதான். அந்தப் பக்கத்துச் சத்தம் முழுக்க இந்தப் பக்கம்தான் விழும். சுவர் எழுப்பித் தரட்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.